ஒன்பதாம் பக்கம்

இந்த முதலையை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும்.
படகோட்டி. கூலி வாங்காது.
முதல் பக்கத்தில் கோழி ஏறும்,
அடுத்ததில் ஒரு சீப்புப் பழத்தோடு குரங்கு,
அப்புறம் ஆட்டுக்குட்டி, கழுத்தில் மணி.

முதுகு பிய்ந்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டி,
மாறனுக்குப் பல் முளைத்த மாதம் ஒரு மூலையும் போய்
இன்னும் ஓடுகிறது படகு,
தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு.

கொள்முதல் நிலையத்திலிருந்து வருவேன்,
காது மடலில் உமித்தூசி.
குளித்துப் பாயில் விழுந்ததும்
பூவிழி என் மார்பில் புத்தகத்தை வைப்பாள்.
தூக்கத்தில் இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பினால்
"குரங்கு ஏறவே இல்லையேப்பா."
எழுத்து தெரியாது அவளுக்கு.
ஒரு 'உம்' குறைந்தால் தெரியும்.
'குரங்கு ஏறியது' இல்லையாம்,
'குரங்கும் ஏறியது.'

ஒன்பதாம் பக்கத்தில் நடு ஆறு.
முதலை திரும்பி வாயைப் பிளக்கிறது,
ஆட்டுக்குட்டிக்கு நேரே.
பத்தாம் பக்கத்தில் வாய் மூடியிருக்கிறது,
கரை வந்துவிட்டது.
ஏன் மூடியது என்று கதையில் இல்லை.
ஆறு வயதில் நானும் கேட்கவில்லை.
அந்தப் பக்கத்தில் அதற்கொரு கண்ணாடி வரைந்தேன், அவ்வளவுதான்.
நீல மை. காது இல்லாததால்
கம்பிகள் காற்றில் நிற்கும்.
அதற்காக அம்மாவிடம் முதுகில் ஒன்று வாங்கினேன்.

இதைப் பூவிழியிடம் சொன்னதில்லை.
எழுபதாவது தடவையோ என்னவோ, ஒரு நாள்
படத்தில் விரலை வைத்துச் சொன்னாள்:
"கண்ணாடி போட்டதாலதான் தெரிஞ்சுச்சு."
"என்ன தெரிஞ்சுச்சு?"
"ஆட்டுக்குட்டி அழுவுறது."

அதன் கண்ணோரம் ஒரு புள்ளி.
முப்பது வருடமாய் அதை
அச்சுப் பிசிறு என்று நினைத்திருந்தேன்.

அந்த வாரம் குறுவை நனைந்து வந்தது.
ஈரமானிக்குள் ஒரு பிடி: இருபத்தொன்று.
பதினேழுக்கு மேல் எடுக்கக்கூடாது.
"காய வச்சு எடுத்துட்டு வாங்க" என்பேன்,
மழை கொட்டும்போது.
எண்ணைப் பார்த்தபடியேதான் சொல்வேன்.
முகத்தைப் பார்த்தால் வாய் வராது.

ஞாயிற்றுக்கிழமை நீடாமங்கலத்தில் கேட் போட்டிருந்தது.
சரக்கு ரயில் இன்ஜின் மாற்றி முடிப்பதற்குள்
ஒரு நெல்லே விளைந்துவிடும்.
வண்டியைத் திருப்பிக் கிளை நூலகத்துக்குப் போனோம்.
"ஐ, நம்ம புக்கு!"
புது அச்சு. அதே ஆறு, அதே கோழி.
தரையில் உட்கார்ந்து சத்தமாய்ப் 'படித்தாள்',
விரல் ஒரு வரியில், வாய் இன்னொரு வரியில்.
ஒன்பதில் நின்றாள்.

"கண்ணாடி எங்க?"

நான் பதில் தேடுவதற்குள் மூடிவிட்டாள்.
"இது தின்னுடும்ப்பா."
"இல்லம்மா, அடுத்த பக்கம் பாரு..."
"திருப்பாத!"
அட்டையை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டாள்.

சட்டைப்பையில் பேனா,
இருபத்தொன்று இருபத்தொன்று என்று வாரம் முழுக்க எழுதியது.
புத்தகத்தில் அரசாங்க முத்திரை.
நான் பருவகாலப் பட்டியல் எழுத்தர்,
போன மாதம்தான் வேலையை நீட்டித்தார்கள்.
நூலகர் நாளிதழ்களை மடித்துக்கொண்டிருந்தார்.

வரைந்தேன்.
முப்பது வருடத்தில் கை கொஞ்சமும் தேறவில்லை,
கம்பிகள் காற்றிலேயே நின்றன.
பத்தாம் பக்கத்தை அவளே திருப்பினாள்.

மறுநாள் ஈரமானியில் இருபது.
நிமிர்ந்து பார்த்தேன்.
அப்போதும் இருபதுதான்.
அவர் காது மடலிலும் உமித்தூசி.

கார்த்திகையில் மறுபடி நூலகம் போனோம்.
எங்கள் கண்ணாடி அப்படியே இருந்தது.
முதலையின் தலையில் யாரோ
பச்சை ஸ்கெட்ச் பேனாவால் ஒரு தொப்பி வைத்திருந்தார்கள்.
எந்தத் தெருப் பிள்ளையோ.
பூவிழி வெகுநேரம் பார்த்தாள்.
"தொப்பி எதுக்காம்?" என்றேன்.
"மழை பெய்யுதுல்ல.
கண்ணாடி நனைஞ்சா எப்புடித் தெரியும்?"

வீட்டுக்கு வந்ததும்
பச்சைப் பேனா கேட்டாள்.